மச்சானின் பிளாஸ்டிக் பாசியும் எங்கள் மிலாறுக் கட்டும்

போன வருஷத்துக்கு முந்தின தை மாதம். ராத்திரி ஏழரை இருக்கும், மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தேன். இலங்கை மலையகத்தில் அந்த மாதத்துக் குளிர் தெரியும்தானே, தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு நாலு வார்த்தை பேசினால் ஆறிப்போய்விடும். அந்த நேரம் பார்த்துக் கனடாவிலிருந்து மச்சான், என் தங்கச்சி வீட்டுக்காரர், வீடியோ கோல் எடுத்தார். அங்கே காலை ஒன்பது மணி. சிம்கோ ஏரி மேலே இருக்கிறேன் என்றார். ஏரிக்கரையில் என்று சொல்ல வந்து வாய் தவறிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். இல்லை, ஏரி மேலேதான். கண்ணுக்கு எட்டிய தூரம் ஏரி கட்டிக் கிடக்கிறது, அதன் மேல் ஒரு சின்னக் கூடாரம், கூடாரத்துக்குள் ஒரு முக்காலி, ஒரு கேஸ் அடுப்பு மாதிரி ஹீட்டர், காலடியில் சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஓர் ஓட்டை. எட்டு அங்குலமாம், துளை போடும் கருவி ஒன்று வைத்திருக்கிறார்.

அந்த ஓட்டைக்குள் பச்சையாக ஏதோ தொங்கியது. கலியாணப் பந்தலில் கட்டுகிற பிளாஸ்டிக் தோரணம் போல.

"என்னா மச்சான், மீனுக்குக் கலியாணமா?" என்று கேட்டேன்.

சிரித்துவிட்டு, அது செயற்கைப் பாசி என்றார்.

மச்சான் பிறந்தது எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பக்கத்து டிவிசன் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். சின்ன வயதில் இரண்டு பேரும் காசல்ரீ நீர்த்தேக்கத்து ஓரத்தில் மூங்கில் தூண்டில் போட்டவர்கள்தான், அதனால் எனக்குப் புரிகிற மாதிரியே சொன்னார். மேலே ஐஸ் கட்டினாலும் அடித்தண்ணீர் உறையாது. தண்ணீர் 4 பாகை செல்சியசில்தான் ஆகப் பாரமாக இருக்கும், அது போய் அடியில் தங்கிக்கொள்ளும், அதைவிடக் குளிர்ந்தது மேலே நின்று கட்டியாகும். அதனால்தான் மீன் பிழைத்துக் கிடக்கிறது. கோடையில் அந்த ஏரியின் ஓரங்களில் கொடிப்பாசி காடாக வளர்ந்திருக்குமாம். பனி விழுந்து ஐஸ் மேல் மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது, பாசி செத்து மடங்கி அழுகத் தொடங்கும், அழுகல் தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனையும் குடித்துவிடும். எங்கே கொஞ்சம் பச்சை மிஞ்சியிருக்கிறதோ அங்கேதான் மீன். மற்றதெல்லாம் வெட்டவெளி. வெட்டவெளியில் பொடி மீன் நிற்காது, பொடி மீன் நிற்காத இடத்தில் பெரியதுக்கு என்ன வேலை? அப்படியான இடத்தில் இந்தத் தோரணத்தை இறக்கினால், ஒதுங்க இடம் தேடித் திரிகிற மீன் பக்கத்தில் வந்து நிற்கும். பச்சை பிளாஸ்டிக் நாடாக்கள், அடியில் ஓர் ஈயக் கட்டி, மேலே கயிறு, அவ்வளவுதான் சாமான். குடை மாதிரி ஒடுங்கி ஓட்டை வழியாக இறங்கும், உள்ளே போனதும் விரியும்.

பக்கத்தில் ஒரு சின்னத் திரை இருந்தது, தண்ணீருக்குள் மீன் நிற்பதைக் காட்டுகிற சோனாராம். அதில் நிறக் கோடுகள் மேலும் கீழும் ஓடின. பாசிக்குப் பக்கத்தில் ஒரு கோடு வந்து நின்றது, மச்சான் பேச்சை நிறுத்திவிட்டார். முழங்கை நீளம்கூட இல்லாத தூண்டிலை இரண்டு தரம் மெல்ல ஆட்டினார், மூன்றாவது தரம் இழுத்தார். உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான மீன், உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு. பேர்ச் என்றார். எங்கள் ஆட்கள் அதைக் கையில் எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரில் போட்டுவிடுவார்கள், அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டு விஷயத்தை அன்றைக்கே திரும்பத் திரும்பச் சொன்னார், அப்போது நான் காதில் வாங்கவில்லை. ஒன்று, தூண்டிலைப் பாசிக்கு உள்ளே விடக் கூடாது, பக்கத்தில் விட வேண்டும். இரண்டாவது, வீட்டுக்குப் போகும்போது பாசியைக் கையோடு தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும், ஏரியில் எதையும் விட்டு வரக் கூடாது.

எனக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. நான் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்க்கிறேன், ஞாயிறு மட்டும்தான் லீவு, அந்த ஒரு நாளும் காசல்ரீ கரையில்தான். தெரிந்தவர்களுக்குத் தெரியும், கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் கட்டிய அணை அது. இங்கிருந்து போகிற தண்ணீரில்தான் விமலசுரேந்திர மின்நிலையம் ஓடுகிறது. மின்சாரத்துக்குத் தண்ணீர் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், மழைக்கு ஏறும், வருஷம் முழுக்க இதே கதைதான். அதனால் கரையில் ஒரு செடி கொடி வேர் பிடிக்க முடியாது. இன்றைக்குத் தண்ணீருக்குள் இருக்கிற இடம் அடுத்த மாதம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். தேயிலை முடிகிற இடத்துக்கும் தண்ணீர் தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் மொட்டையாக ஒரு செம்மண் பட்டி சுற்றிவர ஓடுகிறதே, அதுதான். ஆக, மச்சான் சொன்ன வெட்டவெளி எங்களுக்கும் இருக்கிறது. அவருக்குப் பனியால் வந்தது, எங்களுக்குக் கரண்ட்டால் வந்தது. பாசி ஒன்று கட்டி இறக்கினால் திலாப்பியா வரிசையில் வந்து நிற்கும் என்று கணக்குப் போட்டேன்.

50 கிலோ உரப்பை நாலு எடுத்து, கத்தரிக்கோலால் விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கிழித்து, ஒரு கம்பியில் வரிசையாக முடிந்து, அடியில் கல்லைக் கட்டி, கரையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி முழங்கால் அளவு தண்ணீரில் நட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

மூன்று ஞாயிறு. மொத்தமே இரண்டு மீன், ஏழு முள் அறுந்தது. தூண்டிலை நேராக நாடாக்களுக்கு நடுவில்தான் போட்டேன், மீன் அங்கேதானே இருக்கும் என்று. முள் நாடாவில் மாட்டும், இழுத்தால் தங்கூசி, அதுதான் தூண்டில் நூல், அறும். நாலாவது ஞாயிறு போனபோது மழையே இல்லாத மாசி மாதம், தண்ணீர் இறங்கியிருந்தது. என் பாசி கம்பியோடு சேற்றில் நின்று, காயப்போட்ட உடுப்பு மாதிரி காற்றில் படபடத்தது. வெயில் பட்ட பக்கமெல்லாம் நாடா நார் நாராகப் பிரிந்து, தொட்டால் பொடிந்தது. அந்தப் பொடியெல்லாம் தண்ணீருக்குள்தான் போயிருக்கும். காசல்ரீ தண்ணீர் லக்சபான வழியாகக் கீழே இறங்கிக் களனி ஆற்றில் சேர்கிறது, கொழும்பு குடிக்கிறது. ஒரு மாதிரியாக இருந்தது எனக்கு.

அதைப் பிடுங்கப் போய்த்தான் அடுத்த கூத்து. தண்ணீர் இறங்கிய இடத்துச் சேறு மேலே தோல் மாதிரிக் காய்ந்திருக்கும், கால் வைத்தால் தாங்கும் போலத் தோன்றும். ஐந்தாவது அடியில் இடது கால் தொடை வரை உள்ளே போய்விட்டது. இழுக்க இழுக்கக் கீழே உறிஞ்சுகிறது. செருப்பை இழந்து, வயிற்றை மண்ணில் வைத்துப் படுத்து, ஊர்ந்து ஊர்ந்து வெளியே வந்தேன். மச்சானிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. ஐஸிலும் இதே கதைதானாம், பார்க்க எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும், தெளிவான கெட்டி ஐஸ் குறைந்தது நாலு அங்குலம் இருந்தால்தான் அவர் நடப்பார், போகப் போகத் துளைத்து அளந்து பார்த்துக்கொண்டே போவார், கழுத்தில் இரண்டு கூர் ஆணி தொங்கும், விழுந்துவிட்டால் ஐஸில் குத்திப் பிடித்து ஏறுவதற்கு. அன்றிலிருந்து நான் கையில் ஒரு தேயிலைக் கட்டை வைத்துக் குத்திப் பார்க்காமல் காய்ந்த சேற்றில் இறங்குவதில்லை. தனியாகவும் போவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சேறும் சகதியுமாக லயத்துக்கு ஏறி வருவதைப் பெரியப்பா பார்த்துவிட்டார். காசல்ரீ நிறைந்தபோது அவருக்கு எட்டு வயது, அன்றிலிருந்து மீன் பிடிக்கிறவர். என் கையில் இருந்த பிளாஸ்டிக் குப்பையைப் பார்த்து, "இது என்னாடா?" என்றார். கனடாக் கதையை முழுசாகச் சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "மிலாறு இருக்கும்போது உரப்பை எதுக்கு?" என்று கேட்டார்.

மலையகத்துக்கு வெளியே இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். தேயிலைச் செடியை நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புக்குக் கீழே கவ்வாத்து வெட்டுவார்கள், அப்படி வெட்டிப் போடுகிற கிளைகள்தான் மிலாறு. காய வைத்து அடுப்பெரிக்கக் கட்டுக் கட்டாகச் சுமந்து வருவோம். நெருக்கமான கொப்பு, கோணல் மாணலாக வளைந்திருக்கும், பாரமான மரம், தண்ணீரில் சீக்கிரம் உக்காது. பெரியப்பா சொன்ன காரணம் இன்னொன்று. அணை கட்டி நிறைத்தபோது தேயிலை மலைகளையும் சேர்த்துத்தான் தண்ணீர் மூடியதாம், அதற்குப் பிறகு பல வருஷம் மீன் பிடிக்கிற ஆட்கள் பழைய தேயிலை நிரை எங்கே போனது என்று ஞாபகம் வைத்து அந்த வரிசையில்தான் தூண்டில் போடுவார்களாம். மவுசாகலையிலும் அதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். 1969இல் அந்த அணை வந்தபோது பழைய மஸ்கெலியா டவுனே முங்கிப்போனது, கடுங்கோடையில் தண்ணீர் இறங்கினால் பழைய கோவில் வெளியே தெரியும், பேப்பரில்கூடப் படம் போடுவார்கள். அந்தச் சுவர் ஓரத்தில் மீன் நிற்கும் என்று அங்கே தூண்டில் போடுகிறவர்கள் சொல்வார்கள். நீர்கொழும்புக் களப்பில் கண்டல் கொப்புகளை வட்டமாக நட்டு மீன் சேர்ப்பது காலங்காலமாக நடக்கிற தொழில். ஆக, மச்சான் காட்டியது நமக்குப் புதிது ஒன்றும் கிடையாது. நான்தான் பிளாஸ்டிக்கில் மயங்கிவிட்டேன்.

கட்டின விதத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நான் அதிகம் பிழை விட்டேன். மருந்தடித்த தேயிலை மலையில் உடனே மிலாறு எடுக்கக் கூடாது, ஒரு மாதமாவது மழையில் கிடந்து கழுவப்பட்டதாக இருக்க வேண்டும். நாலடி நீளக் கொப்புகளாகப் பார்த்து, தோளில் தூக்கக்கூடிய ஒரு விறகுக் கட்டு அளவுக்குச் சேர்த்து, அடிப்பக்கத்தை மட்டும் இறுக்கிக் கட்ட வேண்டும், மேல்பக்கம் விரிந்து நிற்கட்டும். நான் முதலில் இரண்டு பக்கமும் இறுக்கிவிட்டேன், அது வெறும் விறகுக் கட்டாகவே கிடந்தது, உள்ளே விரல் போக இடமில்லை, மீன் எப்படிப் போகும்? கயிறு தேங்காய்த் தும்புக் கயிறாக இருக்கட்டும், நைலோன் வேண்டாம். புதுத் தும்பு தண்ணீரில் போட்டதும் தேத்தண்ணி நிறத்தில் சாயம் விடும், ஒரு கிழமை பீப்பாயில் ஊறவைத்து இரண்டு மூன்று தரம் தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் பாவிப்பேன். நடுவில் ஒரு கல்லை வைத்துக் கட்டாவிட்டால் காய்ந்த மிலாறு மிதக்கும், அது ஊறி அடங்க நாள் எடுக்கும்.

இதை இறக்கிய பிறகும் பழைய பிரச்சினை தீரவில்லை. அடியில் கிடக்கிற கட்டு, இன்றைக்குப் பத்தடி ஆழத்தில், இரண்டு மாதத்தில் மூன்றடியில், அப்புறம் சேற்றில். ஒவ்வொரு கிழமையும் இழுத்து இழுத்து உள்ளே தள்ள முடியுமா? ஒரு நாள் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தபோதுதான் மூளையில் தட்டியது. மச்சான் பாசியை அடியில் நடவே இல்லையே, மேலே ஐஸிலிருந்து தொங்கத்தானே விட்டிருந்தார்! நான் அவர் காட்டியதில் பிளாஸ்டிக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, எடுக்க வேண்டியதை விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஐஸ் இல்லை, ஆனால் மிதவை போடலாம். ஐந்து லீற்றர் வெற்றுக் கேன் ஒன்றை மூடி இறுக்கி, அதிலிருந்து நாலடி நீளத்துக்குத் தும்புக் கயிற்றைப் பிரித்து முடி மாதிரித் தொங்கவிட்டு, நடுவில் ஏழெட்டு மெல்லிய மிலாறுக் கொப்பு சொருகி, கீழே ஒரு சின்னக் கல். அந்தக் கல்லிலிருந்து அடிக்கு நங்கூரக் கயிறு. இந்த நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும், இல்லையென்றால் மட்டம் ஏறும்போது கேன் தண்ணீருக்குள் முங்கிவிடும், காற்றுக்கு நங்கூரமும் இழுபடும். இப்படி விட்டால் மட்டம் ஏறினாலும் இறங்கினாலும் பாசி மேல்தண்ணீரிலிருந்து அதே நாலைந்து அடியில்தான் இருக்கும், வெளிச்சமும் ஒரே மாதிரி கிடைக்கும். முதல் கேன் ஒரு நாள் காற்றுக்கு அடித்துக்கொண்டு அடுத்த கரைக்கே போய்விட்டது, செங்கல் ஒன்று போதும் என்று நினைத்ததன் பலன். இப்போது உரப்பை ஒன்றில் மண் நிரப்பிப் போடுகிறேன். உரப்பை நாலு மாதத்துக்கு ஒரு தரம் மேலே வந்து மாற்றப்படும், வெயிலே படாத அடியில் கிடப்பதால் அவ்வளவு சீக்கிரம் பொடியவில்லை.

போட்ட மறுநாளே மீன் வரும் என்று நினைக்க வேண்டாம். மச்சானுடைய பாசி அரை மணித்தியாலத்தில் வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே மீன் தேடுவது ஒதுக்கிடம். அவரும் அரை மணித்தியாலம் பார்ப்பார், ஒன்றும் வராவிட்டால் தூக்கிக்கொண்டு வேறு ஓட்டைக்குப் போய்விடுவார், மீன் இல்லாத இடத்தில் பாசி மட்டும் என்ன செய்யும்? திலாப்பியாவுக்கு ஒதுக்கிடத்தோடு சாப்பாடும் வேண்டும், அதுவும் பச்சைப் பாசியும் அழுக்கும் மேய்கிற ஜாதி. 1952இல் இந்த நாட்டுக்குக் கொண்டுவந்த மீன் இவ்வளவு பெருகினதுக்கு அந்த வயிறும் ஒரு காரணம். மூன்று கிழமை கழித்து நான் ஒரு கட்டை மெல்ல, மிக மெல்லத் தூக்கிப் பிளாஸ்டிக் பேசனுக்குள் இறக்கி அலசிப் பார்த்தேன். கொப்புகள் எல்லாம் பச்சையும் மண்ணிறமுமாக வழுவழுப்புப் பிடித்து, கை வைத்தால் நழுவியது. பேசன் தண்ணீர் கலங்கித் தெளிந்ததும் அடியில் ஒரு சின்ன ஊரே இருந்தது. கண்ணாடி மாதிரி உடம்பும் கறுத்த புள்ளிக் கண்ணுமாகப் பொடிக் கூனிகள் பின்பக்கமாகத் துள்ளின. தும்பியின் குஞ்சு ஒன்று, இறக்கை முளைக்காததால் தேள் மாதிரி நடந்தது. மிளகளவு நத்தைகள். அப்புறம் விரல் நகத்தளவு திலாப்பியாக் குஞ்சுகள் பதினொன்று, என் மகன் எண்ணினான். அவனுக்கு ஒன்பது வயது, அதில் ஒன்றைப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக அழுதான். தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கிற ஜாதி அது என்று சொன்னதும், வாயைத் திறந்து திறந்து காட்டி, எப்படி விழுங்காமல் இருக்கும் என்று வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான்.

தூண்டில் போடுகிற இடம்தான் மீதி பாதி. கட்டிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிப் போடுங்கள், அதற்கு உள்ளே வேண்டாம். பெரிய திலாப்பியா உள்ளே நுழையாது, வெளி ஓரமாக வட்டமிட்டுக் கொப்பில் இருப்பதைச் சுரண்டும். வெயில் ஏறிய பிறகு நிழல் விழுகிற பக்கம் நல்லது. எங்கள் பக்கத்துக் குளிருக்கு விடிகாலையில் போய்க் குந்தியிருப்பது வீண் வேலை என்பது என் அபிப்பிராயம், பெரியப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். திலாப்பியா வெப்பநாட்டு மீன், தண்ணீர் குளிர்ந்தால் அதற்குச் சாப்பாட்டு ஆசை குறைந்துவிடும். தை, மாசியில் ஒன்பதரைக்கு மேல், மேல்தண்ணீர் கொஞ்சம் சூடேறிய பிறகு பதினொன்றரை வரை, அப்புறம் பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்து. சின்ன முள், சின்ன இரை, இழுப்பதும் மெல்ல. இதை மட்டும் மச்சானிடமிருந்து நேராகக் கற்றேன். குளிரில் மீன் துரத்திக்கொண்டு வராது, வாய்க்கு முன்னால் வைத்தால் யோசித்து எடுக்கும். மிதப்பு முங்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள், சில நேரம் அது பக்கவாட்டில் அரை அங்குலம் நகரும், அவ்வளவுதான்.

இரைக்கு மண்புழு, பாண் உருண்டை எல்லாம் பாவித்தேன். ஆக நன்றாக வேலை செய்தது எது தெரியுமா, அந்தக் கட்டிலேயே வளர்ந்த பச்சை வழுவழுப்பு. விரலால் வழித்து முள்ளில் நூல் மாதிரிச் சுற்றிவிட்டால் போதும். மண்புழுவுக்குப் பொடியன்கள் எல்லாம் வந்து கொத்துவார்கள், இதற்குப் பெரியதுதான் வரும். கார்ப் மீனுக்கு இந்தத் தொங்குபாசி ஒரு பொருட்டில்லை, அது அடிச்சேற்றைக் கிண்டித் தின்கிற மீன், அதற்கு அடியில் கிடக்கிற மிலாறுக் கட்டுதான் சரி. அதனால் இப்போது இரண்டு வகையும் வைத்திருக்கிறேன்.

எவ்வளவு கிடைத்தது என்று கேட்பீர்கள். முன்பு ஒரு ஞாயிறுக்கு மூன்று நாலு, இப்போது நல்ல நாளில் எட்டு ஒன்பது. ஒன்றுமே இல்லாத நாளும் உண்டு. ஒரே கட்டில் கிழமைக்குக் கிழமை பிடித்தால் மூன்றாவது கிழமை வெறுங்கைதான், ஒரு கிழமை இது, மறு கிழமை அது என்று மாற்ற வேண்டும். உள்ளங்கையை விடச் சின்னதைத் திருப்பி விட்டுவிடுவேன். வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம், ஞாயிறு பிடித்ததைத் திங்கள் செவ்வாயோடு முடித்துவிட வேண்டும், நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு மீன் தாராளம். கொறுக்காப்புளி போட்டு, மிளகு தூக்கலாகக் கட்டக் குழம்பு வைத்தால் அந்தச் சேற்று வாடை தெரியாது.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக் கேன் தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. போன வருஷம் கார்த்திகையில் யாரோ ஒரு ஆள் ராத்திரியோடு ராத்திரியாக வலையை என் கட்டைச் சுற்றி வளைத்துப் போட்டு இருந்ததை எல்லாம் வாரிவிட்டுக் கயிற்றையும் அறுத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு மாத உழைப்பு. பெரியப்பாதான் வழி சொன்னார், கேனை எடுத்துவிட்டுக் காய்ந்த மூங்கிலில் இரண்டு கணு வெட்டிக் கட்டு என்று. பார்க்கிறவனுக்கு வெள்ளத்தில் வந்த குப்பைத் தடி. எனக்கே தெரியாமல் போய்விடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் இரண்டு குறி வைக்கச் சொன்னார். கரையில் நிற்கும்போது ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் புகைபோக்கியும் அதற்குப் பின்னால் மேலே இருக்கிற சவுக்கு மரமும் ஒரே கோட்டில் வர வேண்டும், இடது பக்கம் கோவில் மணிக்கூண்டு பாறை முனையைத் தொட வேண்டும், இரண்டும் சேர்ந்தால் நேர் முன்னால் மூங்கில். இப்போது கண்ணைக் கட்டி விட்டாலும் காட்டுவேன்.

இறக்குவதற்கு முன்னால் அங்கே வலை போடுகிற மீனவர் சங்கத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் போட்டு, அவர்கள் வலை என் மிலாறில் மாட்டிக் கிழிந்து, சத்தம் வாங்கியிருக்கிறேன், அந்தப் பிழை என்னுடையது. அணைக்கட்டுப் பக்கம் தடை போர்டு இருக்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம். தென்மேற்கு மழை தொடங்குமுன் மே மாதத்துக்குள் மிதவைக் கட்டுகளை எல்லாம் கரையேற்றிவிடுவேன், அணை நிறைந்து வான் பாயத் தொடங்கினால் கயிறு, கல், மூங்கில் எல்லாம் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

இந்தத் தை மாதம் கரையிலிருந்தே மச்சானுக்குக் கோல் எடுத்தேன். எங்களுக்குக் காலை பத்து, அவருக்கு முதல்நாள் ராத்திரி பதினொன்றரை, கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். மூங்கிலைத் தூக்கித் தும்பைக் காட்டினேன், சொட்டச் சொட்ட. போனைப் பெரியப்பா பிடுங்கிக்கொண்டு, "தம்பி, அங்க தும்பு கிடைக்குமா? பிளாஸ்டிக்க விட்டுட்டு இதைப் போட்டுப் பாரு," என்றார். மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டாராம். நான் முன்பு அனுப்பின படத்தைப் பார்த்துவிட்டு, கடையில் வாங்கி வாசலில் போட்டிருந்த தும்புக் கால்மிதியை எடுத்துப் பிரித்திருக்கிறார், பிரிக்கும்போது பின்பக்கத்தைப் பார்த்தால் இலங்கையில் செய்தது என்று எழுதியிருந்ததாம்.

"மீன் வந்துச்சா மச்சான்?" என்று கேட்டேன்.

"மீனுக்கு முன்னாடி உங்க தங்கச்சி வந்துட்டா, கால்மிதி எங்கன்னு."